லேப்டாப் பேட்டரி காட்டும் சதவீதத்தை நம்பலாமா? வீட்டிலேயே சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி தன் லேப்டாப்பைக் கட்டைப் பையில் வைத்து எடுத்து வந்திருந்தார். "தம்பி, நாப்பதுன்னு காட்டிக்கிட்டு இருந்துச்சு. பேரன் வீடியோ கால்ல பேசிக்கிட்டு இருக்கையிலேயே படக்குன்னு அணைஞ்சு போச்சு. சார்ஜரைப் போட்டா மூணுன்னு காட்டுது" என்றார். அதே வாரம் ஒரு கல்லூரி மாணவரும் வந்தார். அவருடைய லேப்டாப்பும் நாற்பதை நெருங்கினால் அணைந்துவிடும். ஆச்சிக்குச் செலவே இல்லாமல் வேலை முடிந்தது. மாணவர் புது பேட்டரி வாங்க வேண்டியதாயிற்று.

குறை ஒன்றுதான், காரணம் வேறு. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கக் கடைக்கு வர வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கடிகாரம், இரண்டு நாள் பொறுமை இருந்தால் போதும். காரைக்குடியில் லேப்டாப் பழுது பார்க்கிறவன் நான். சோதித்துப் பார்க்காமலே புது பேட்டரி வாங்கி, அதன் பிறகும் குறை தீராமல் வருகிறவர்களைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பெட்டியடியில் ஒரு கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரும்புப் பெட்டியின் சாவி அவரிடம் இல்லை. உள்ளே போகிற பணத்தையும் வெளியே வருகிற பணத்தையும் பார்த்துப் பார்த்துப் பேரேட்டில் எழுதுவது மட்டும்தான் அவர் வேலை. "பெட்டியில் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டால், பேரேட்டைக் கூட்டிக் கழித்துச் சொல்வார்.

லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கும் சின்னச் சில்லு இதே வேலையைத்தான் செய்கிறது. பேட்டரிக்குள் போகும் மின்சாரத்தையும் வெளியே வரும் மின்சாரத்தையும் ஒரு நுண்ணிய மின்தடையின் வழியாக அளந்து கணக்கு வைக்கிறது. விண்டோஸ் மூலையில் தெரியும் சதவீதம் அந்தப் பேரேட்டு எண்.

நேரடியாக வோல்டேஜைப் பார்த்துச் சொல்லக் கூடாதா என்று கேட்கலாம். லித்தியம் அயன் செல் ஒன்று முழுதாக நிரம்பினால் 4.2 வோல்ட் அளவில் இருக்கும். காலியாகும்போது சுமார் 3 வோல்ட். ஆனால் நடுவில் வெகு தூரத்துக்கு வோல்டேஜ் கொஞ்சம்தான் இறங்கும். அறுபது சதவீதத்துக்கும் நாற்பதுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. வேலை பளு கூடினால் வோல்டேஜ் தற்காலிகமாகக் குனியவும் செய்யும். ஆகவே வோல்டேஜை மட்டும் நம்ப முடியாமல், கணக்கெழுதும் முறையைப் பிடித்திருக்கிறார்கள்.

கணக்கில் சின்னச் சின்னப் பிழைகள் சேரும். சும்மா வைத்திருக்கும்போது பேட்டரி தானாகவே கொஞ்சம் இறங்கும், அது முழுதாகப் பேரேட்டில் ஏறாது. செல்லுக்கு வயதாகிக் கொள்ளளவு குறைவதும் அப்படித்தான். இந்தப் பிழைகள் திருத்தப்படுவது முக்கியமாக இரண்டு இடங்களில்: முழுதாக நிரம்பும்போது, அடிமட்டம் தொடும்போது. அந்த இரண்டு முனைகளில்தான் உண்மை நிலவரம் வோல்டேஜிலேயே தெளிவாகத் தெரியும். நம்மூர் வழக்கில் சொன்னால், அப்போதுதான் ஐந்தொகை எடுக்கப்படுகிறது, அதாவது பேரேட்டை உண்மை இருப்போடு ஒப்பிட்டு நேர் செய்வது. வருடக்கணக்காகச் சார்ஜரிலேயே செருகி வைத்திருக்கும் லேப்டாப்புக்கு ஐந்தொகையே கிடையாது.

ஆகவே உங்கள் முன்னால் இருப்பது ஒரே கேள்வி: பேரேடு தப்பா, பெட்டியில் பணமே குறைந்துவிட்டதா? இனி வரும் ஒவ்வொரு படியும் இதற்கு விடை தேடுவதுதான்.

(பேட்டரி ஆராய்ச்சி நமக்கு அந்நியமான விஷயம் இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடிக்கு வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறக்கப்பட்டது. நாம் சிக்ரி என்று சொல்லும் அந்த வளாகத்தில் இன்றும் லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது.)

எதையும் தொடுமுன்: வீக்கம் இருக்கிறதா?

லேப்டாப்பை அணைத்து, மூடி, சமமான தரையில் வையுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருந்தால் நல்லது. கண்ணாடி மேல் வார்த்து எடுக்கும் கல் என்பதால் அதன் முகம் வழவழவென்று சமமாக இருக்கும். ஒரு மூலையை விரலால் அழுத்தும்போது லேப்டாப் ஆடினால், டச்பேட் மேலே எழும்பியிருந்தால், மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் பேட்டரி வீங்கியிருக்கலாம்.

வீங்கியிருந்தால் இந்த வழிகாட்டியின் மற்ற பகுதிகள் உங்களுக்கு வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள். அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தீப்பிடிக்கும். பேட்டரியைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள். பழையதைக் குப்பையில் போடவும் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. புதியதை வாங்கும் இடத்திலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

குறையே இல்லாத குறைகள்

"60-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது", "80-ல் நின்றுவிடுகிறது" என்று வருபவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் இது பேட்டரியைக் காப்பாற்ற வைத்திருக்கும் வரம்பு. லெனோவோவில் வேன்டேஜ் செயலிக்குள் கன்சர்வேஷன் மோட் என்றும், ஏசூஸில் மைஏசூஸ் செயலிக்குள் பேட்டரி ஹெல்த் சார்ஜிங் என்றும் இருக்கும். டெல், எச்பி லேப்டாப்களில் பயாஸுக்குள்ளேயே (விண்டோஸ் தொடங்குமுன் ஓடும் அடிப்படை மென்பொருள்) இதற்கான அமைப்பு உண்டு. எப்போதும் சார்ஜரில் வைத்து வேலை செய்கிறவருக்கு இந்த வரம்பு நல்லதுதான். நிறுத்த வேண்டியதில்லை.

98-ல் நின்றுகொண்டு "சார்ஜ் ஆகவில்லை" என்று காட்டுவதும் பல லேப்டாப்களில் இயல்பு. 95-க்குக் கீழே இறங்கினால்தான் மறுபடி ஏற்றத் தொடங்கும்படி அமைத்திருப்பார்கள்.

"மூன்று மணி நேரம் இருக்கிறது" என்று காட்டி ஐந்து நிமிடத்தில் "ஒன்றரை மணி நேரம்" என்று மாறுவதும் பழுதல்ல. அந்த நேரக் கணக்கு, அப்போது நீங்கள் எவ்வளவு இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சதவீதத்தை மட்டும் பாருங்கள்.

அப்புறம் சார்ஜர். சில லேப்டாப்கள் தமக்குரிய சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால், அந்த மின்சாரத்தில் ஓடுமே தவிர பேட்டரியை ஏற்றாது. யூஎஸ்பி சி வகையில் வாட் குறைந்த போன் சார்ஜரைச் செருகினாலும் இதே கதை. வேறு சார்ஜர் போட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை, முதலில் செய்துவிடுங்கள்.

படி 1: பேரேட்டைத் திறந்து பாருங்கள்

விண்டோஸில் ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கினால் டெர்மினல், பவர்ஷெல் அல்லது கமாண்ட் பிராம்ப்ட் என்று வரும். அதைத் திறந்து ஒரு கட்டளை அடிக்க வேண்டும். போனில் சொல்வதுபோலச் சொல்கிறேன். முதலில் பி, ஓ, டபிள்யூ, இ, ஆர், சி, எஃப், ஜி என்ற எட்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடியுங்கள். ஓர் இடைவெளி. பிறகு கேள்விக்குறி இருக்கும் விசையில் உள்ள சாய்கோடு. அதை ஒட்டியே பேட்டரி, ரிப்போர்ட் என்ற இரண்டு சொற்களையும் இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். அறிக்கை எந்தக் கோப்புறையில் சேமிக்கப்பட்டது என்று திரையிலேயே வரும். அதை உலாவியில் திறக்கலாம்.

அறிக்கை நீளமாக இருக்கும். மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது டிசைன் கபாசிட்டி, தொழிற்சாலையில் சொன்ன கொள்ளளவு. இரண்டாவது ஃபுல் சார்ஜ் கபாசிட்டி, இப்போது முழுதாக நிரம்பினால் இவ்வளவு பிடிக்கும் என்று சில்லு நம்பும் அளவு. இரண்டும் மில்லிவாட் மணியில் இருக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்து நூறால் பெருக்குங்கள். மூன்றாவதாகக் கீழே பேட்டரி கபாசிட்டி ஹிஸ்டரி என்ற பட்டியல், வாரா வாரம் அந்தக் கொள்ளளவு எப்படி மாறியது என்பதைக் காட்டும்.

ஆச்சியின் லேப்டாப்பில் டிசைன் கபாசிட்டி 41,000, ஃபுல் சார்ஜ் கபாசிட்டி 39,400 என்று இருந்தது. கணக்குப்படி பேட்டரி 96 சதவீதம் ஆரோக்கியம். ஆனால் நிஜத்தில் நாற்பதிலேயே அணைகிறது. ஆறு வருடப் பழைய பேட்டரி இவ்வளவு புதிதாக இருக்க வழியே இல்லை. இதைப் பார்த்ததுமே பேரேடு தப்பு என்று எனக்குப் புரிந்தது.

பட்டியலில் எண் மெல்ல மெல்ல இறங்கி வந்தால் அது இயல்பான முதுமை. ஒரே வாரத்தில் 38,000-லிருந்து 15,000-க்கு விழுந்திருந்தால், கணக்குக் குழப்பமாகவும் இருக்கலாம், செல் கெட்டதாகவும் இருக்கலாம். மாதக்கணக்காக ஒரே எண் துளியும் மாறாமல் நின்றால், சில்லு எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று பொருள். விலை மலிவான மாற்று பேட்டரிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அறிக்கையில் சைக்கிள் கவுன்ட் என்று வரும் சார்ஜ் சுற்று எண்ணிக்கையும் (பேட்டரியை மொத்தம் எத்தனை முறை ஏற்றி இறக்கியிருக்கிறது என்ற கணக்கு) அவற்றில் பூஜ்யமாகவே நிற்கும்.

மேக் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பவர் பகுதிக்குப் போனால் சுற்று எண்ணிக்கையும் நிலையும் தெரியும். லினக்ஸில் பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் செயலி இதே இரண்டு கொள்ளளவுகளையும் காட்டும்.

படி 2: நோட்டுப் புத்தகச் சோதனை

இதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

நூறு வரை ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, திரை வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, ஒரு வீடியோவை ஓடவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மணியையும் சதவீதத்தையும் எழுதுங்கள். அணைகிற வரை எழுத வேண்டும். மறுநாள் இன்னொரு முறை. சோதனையின்போது முக்கியமான கோப்பு எதுவும் திறந்திருக்கக் கூடாது.

எண்கள் ஒரே சீராக இறங்கினால் கணக்கும் செல்லும் சரி, வேறு எங்காவது பாருங்கள். முதல் நாள் 45-லிருந்து திடீரென்று கீழே பாய்ந்து, மறுநாள் 22-லிருந்து பாய்ந்தால், பாயும் இடம் மாறுகிறது. இது பெரும்பாலும் கணக்குக் கோளாறு. பூஜ்யம் அல்லது ஒன்று என்று காட்டிக்கொண்டே அரை மணி நேரம் ஓடினாலும் அதேதான். அப்படி இருந்தால் மகிழ்ச்சி, பெட்டியில் பேரேட்டைவிட அதிகப் பணம் இருக்கிறது.

இரண்டு நாளும் ஒரே இடத்தில் பாய்ந்தால் செல்லைச் சந்தேகப்படுங்கள். மாணவருடைய லேப்டாப் இரண்டு முறையும் 38-ஐ ஒட்டியே அணைந்தது. பல லேப்டாப் பேட்டரிகளில் மூன்று செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று மட்டும் பலவீனமானால், மற்ற இரண்டில் சார்ஜ் மீதமிருந்தாலும், அந்த ஒன்று அடிமட்டம் தொட்டவுடன் பாதுகாப்புச் சுற்று மொத்தத்தையும் துண்டித்துவிடும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்தால் வண்டி நிற்பது மாதிரி.

படி 3: சின்ன மீட்டமைப்புகள்

இரண்டு உண்டு. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, பேட்டரீஸ் என்பதன் கீழே ஏசிபிஐ கம்ப்ளையன்ட் கன்ட்ரோல் மெதட் பேட்டரி என்று முடியும் வரியை வலது சொடுக்கி அன்இன்ஸ்டால் செய்து, மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் தானே மறுபடி நிறுவிக்கொள்ளும். இதனால் தீரும் கோளாறு குறைவு, இருந்தாலும் மூன்று நிமிடத்தில் முடியும்.

மற்றது மின்சாரத்தை முழுதாக வடிப்பது. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப் பல இன்னும் நம் வீடுகளில் ஓடுகின்றன. அந்தக் காலத்து லேப்டாப்களில் பேட்டரி கையோடு கழன்று வரும், அதனால் வேலை சுலபம். சதவீதம் அசையாமல் ஒரே எண்ணில் உறைந்திருந்தால் இந்த மீட்டமைப்புக்கு நல்ல பலன் உண்டு.

பயாஸ் புதுப்பிப்பு இருந்தால் அதையும் போடலாம். ஆனால் கரண்ட் போகும் நாளில் வேண்டவே வேண்டாம். பாதியில் அணைந்தால் லேப்டாப்பே எழாமல் போகலாம், நாற்பதில் அணையும் பேட்டரியை நம்பி இதில் இறங்கக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டர் இணைப்பில் சார்ஜரைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். விண்டோஸ் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், புதுப்பித்த பிறகு அதைக் கேட்கக்கூடும்.

படி 4: ஐந்தொகை எடுத்தல்

இதுதான் கேலிபிரேஷன். சில எச்பி லேப்டாப்களின் சோதனை மென்பொருளிலும், திங்க்பேட்களுக்கான வேன்டேஜ் செயலியிலும் இதைத் தானாகச் செய்யும் வசதி இருக்கிறது. இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாதவர்கள் கையால் செய்யலாம். இப்போதைய மேக் லேப்டாப்களுக்கு இது தேவையில்லை.

முதலில் 60, 80 வரம்பு எதுவும் இருந்தால் தற்காலிகமாக நீக்குங்கள். நூறு வரை ஏற்றுங்கள். நூறு காட்டியதும் கழற்றாமல் இன்னும் இரண்டு மணி நேரம் செருகியே வையுங்கள். வெயில் காலத்தில் மாடி அறையில் செய்யாதீர்கள். பட்டாசாலை மாதிரி குளிர்ச்சியான இடத்தில், மெத்தை மேல் வைக்காமல், தரையிலோ மேசையிலோ வையுங்கள். சூட்டில் பல லேப்டாப்கள் சார்ஜ் ஏற்றுவதைத் தாமாகவே நிறுத்திவிடும்.

பிறகு பவர் அமைப்பில் தூக்க நிலையையும் திரை அணைவதையும் நெவர் என்று மாற்றிவிட்டு, சார்ஜரைக் கழற்றி, லேசான வேலையில் ஓடவிடுங்கள். விளையாட்டு மாதிரி கனமான வேலை வேண்டாம். இழுவை அதிகமானால் வோல்டேஜ் முன்கூட்டியே குனிந்து, உண்மையைவிடக் குறைந்த கொள்ளளவைச் சில்லு கற்றுக்கொள்ளும். பத்து சதவீதத்துக்கு வந்ததும் மறுதொடக்கம் செய்து பயாஸ் திரைக்குள் போய் அப்படியே விட்டுவிடுங்கள். விண்டோஸ் இடையில் புகுந்து உறங்க வைக்காது, உண்மையான அடிமட்டம் வரை ஓடும்.

அணைந்த பிறகு மூன்று மணி நேரம் சும்மா விடுங்கள். செல்கள் ஓய்ந்த பிறகுதான் வோல்டேஜ் நிலைக்கும், பல சில்லுகள் அந்த அளவையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அதற்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். காலியான பேட்டரியை நாள்கணக்கில் போட்டுவைப்பது அதற்குக் கேடு. பிறகு லேப்டாப்பை அணைத்த நிலையிலேயே, இடையில் கழற்றாமல், நூறு வரை ஏற்றுங்கள்.

நாள் தேர்வுக்கு ஒரு யோசனை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாள் உண்டு அல்லவா? முந்தைய இரவு ஏற்றி வைத்துக்கொண்டு, அந்தப் பகலில் இறக்கி, மாலை கரண்ட் வந்ததும் ஏற்றுங்கள். எப்படியும் சார்ஜரில் ஓட்ட முடியாத நாள்தானே.

முடிந்ததும் படி 1-ன் அறிக்கையை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

இப்போது தீர்ப்பு

ஆச்சியின் லேப்டாப்பில் ஃபுல் சார்ஜ் கபாசிட்டி 39,400-லிருந்து 26,000-க்கு இறங்கியது. "குறைச்சுப்புட்டியே தம்பி" என்றார் ஆச்சி. குறையவில்லை, இருந்ததே அவ்வளவுதான், இப்போதுதான் உண்மை எழுதப்பட்டிருக்கிறது என்று விளக்கினேன். கேலிபிரேஷன் பேட்டரிக்குள் எதையும் சேர்க்காது. முன்பு ஓடிய அதே நேரம்தான் இப்போதும் ஓடும். ஆனால் நாற்பதில் அணையாது. பத்து என்றால் பத்துதான், சார்ஜரைத் தேட நேரம் இருக்கும். பேரனோடு ஒரு மணி நேரம் பேச அந்த பேட்டரியே போதும் என்று அவர் எடுத்துப்போனார்.

மாணவருடையது முதல் முறை செய்ததும் இரண்டு நாள் ஒழுங்காக இருந்து, மூன்றாம் நாள் மறுபடி பாய்ந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. இரண்டு முறைக்கு மேல் முயல வேண்டாம், முழுதாக வடிப்பதே செல்லுக்குத் தேய்மானம். அவருக்கு நான்கு மணி நேரம் ஓட வேண்டும், வகுப்பில் பிளக் கிடைக்காது. ஆகவே மாற்றினோம்.

மாற்றும்வரை ஒரு தற்காப்பு உண்டு. பவர் ஆப்ஷன்ஸில் மேம்பட்ட அமைப்புக்குள் பேட்டரி பகுதியில் கிரிட்டிக்கல் லெவல் என்பது வழக்கமாக 5 என்றிருக்கும். உங்கள் லேப்டாப் பாய்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, 38-ல் பாய்ந்தால் 42 என்று வைத்து, செயலை ஹைபர்நேட் (திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு அணைவது) என்று மாற்றுங்கள். அதற்கு முன் லோ லெவலை அதைவிட மேலே ஏற்றிவிடுங்கள். வேலை போகாது.

புது பேட்டரி வாங்கும்போது, பழைய பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் பகுதி எண், வோல்ட், வாட் மணி மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். லேப்டாப் மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள், ஒரே மாடலில் இரண்டு வகை பேட்டரி வருவதுண்டு. போட்ட அன்றே அறிக்கை எடுத்து வையுங்கள். பத்து நாள் கழித்து இன்னொன்று எடுங்கள். சுற்று எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்று, நோட்டுச் சோதனையிலும் எண்கள் பாய்ந்தால், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் கடைக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது

ஆச்சியின் லேப்டாப் கெட்ட கதை இங்கேதான் தொடங்கியது. பிள்ளைகளோடு எட்டு மாதம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். அந்த எட்டு மாதமும் லேப்டாப் பீரோவுக்குள் காலியாகக் கிடந்திருக்கிறது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் நம் பக்கம் எத்தனையோ. அங்கே விட்டுப்போகும் லேப்டாப்பை ஐம்பது சதவீதத்தில் வைத்து, தூக்க நிலையில் விடாமல் முழுதாக அணைத்து, கீழ்த்தள அறையில் நிழலான இடத்தில் வையுங்கள். நூறில் வைத்துப் போவதும் பூஜ்யத்தில் வைத்துப் போவதும் இரண்டும் கெடுதல். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சொல்லி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து மறுபடி ஐம்பது வரை ஏற்றிவைக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் படி 4-ஐ ஒரு முறை செய்துவிட்டுப் பயன்படுத்தத் தொடங்குங்கள்.